மலைப்பக்கம் ஒடித்தவன்

பட்டாளத் தபால்
24-9-1948

அக்காளுக்கு வெள்ளியங்கிரி எழுதறது.

உறைமேல என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிச்சுப் போடத் தோணும். ஒருதடவை படிச்சுட்டுக் கிழிச்சிருங்க. மச்சானைத் தூக்கறதுக்கு முன்னால, அத்தனை ஒறம்பரைச் சனமும் பாக்க, "இனி என் கண்ணு முன்னால வராத"ன்னு சொன்னீங்க. நான் வரலை. கோர்ட்டுல என்னை விட்ட மறுவாரமே சேலத்துல பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாங்க, சேர்ந்துட்டேன். அஞ்சு வருசம் ஆச்சு.

சேர்றப்பவே வண்டி ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். பிட்டர் வேலை குடுத்தாங்க. பர்மாவுலயும் ஒர்க்‌ஷாப்புதான். மத்தவன் ஓட்டற வண்டிக்கு பிரேக் கட்டறது, கிளச் மாத்தறது. ஸ்டீரிங்கைத் தொடறது ஷெட்டுக்குள்ள வண்டியைத் தள்ளி நிறுத்தறதுக்கு மட்டுந்தான்.

இப்ப வடக்க ஒரு மலையடியில இருக்கறோம். இடத்தோட பேர் எழுதக் கூடாது. எதுத்தாப்புல ஒரு கணவாய். அதுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரையும் நம்ம ஆளுங்களையும் எதிரி சுத்தி வளைச்சுட்டான். பனி கொட்டி வழி அடைஞ்சுதுன்னா அவங்களுக்குச் சோறு போகாது. இருக்கறது மட்டக்குதிரை நடக்கற பாதை ஒண்ணுதான். அந்தக் காலத்துல ஏதோ ராஜாவோட பட்டாளம் பீரங்கியைப் பிரிச்சு ஆள் தோள்ல சுமந்துட்டுப் போன வழியாம். நம்ம தமிழ் ஆளுங்க பாறைக்கு வெடி வெச்சு அதை வண்டிப் பாதையா அகலம் பண்றாங்க. தார் கிடையாது, கல் பாவலை. மண்ணு, சேறு, ஒரு பக்கம் பள்ளம்.

ஓட்டறதுக்கு ஆள் பத்தலை. நாலு டிரைவருங்க ஆஸ்பத்திரியில. முந்தி லைசன்ஸ் வெச்சிருந்தவனெல்லாம் ஓட்டோணும்னு உத்தரவு வந்திருக்கு. என் பேரும் பட்டியல்ல.

அதனாலதான் ஒண்ணு கேக்கறேன். ஏற்காட்டு இறக்கத்துல அந்த வளைவுல மச்சானோட பஸ்ஸுக்கு என்ன நடந்துதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. முந்தின வளைவுல ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கினது ஞாபகம் இருக்குது. அப்புறம் கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. நடுவுல இருக்கறது போயிருச்சு. பெட்ரோல் இல்லாத காலத்துல கரியைப் போட்டு ஓட்டற பஸ்ஸு, அந்தக் கரி மிச்சம் ஆகட்டும்னு நியூட்ரல்ல விட்டு இறக்கினேன்னாங்க. குடிச்சிருந்தேன்னாங்க. குடிக்கலைங்கறது எனக்குத் தெரியும். நியூட்ரல் விசயம் தெரியாது. பிரேக் கம்பி ஒடிஞ்சதால வண்டி விழுந்துதா, விழுந்ததால கம்பி ஒடிஞ்சுதான்னு இன்ஸ்பெக்டரால சொல்ல முடியலை. அதனால விட்டாங்களே தவிர, குத்தமில்லேன்னு விடலை.

மச்சான் என் பக்கத்துல படியில நின்னாரு. ஆஸ்பத்திரியில பொழுதோட வரைக்கும் உசுரோட இருந்தாருன்னு கேள்வி. உங்ககிட்ட என்ன சொன்னாரு? நான் கியரை நியூட்ரல்ல விட்டேனா? அது ஒண்ணு மட்டும் எழுதுங்க.

வெள்ளியங்கிரி

❖

புதுச்சத்திரம்
7-10-1948

தம்பிக்கு.

தபால்காரர் நல்ல மனுசன், மாமனார் கையில குடுக்காம காட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போனாரு. கடலைக்காய் புடுங்கிட்டு இருந்தோம். கூலிக்கு வந்த பொம்பளைங்க பத்துப் பேரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. மடியில சொருகிட்டுச் சாயங்காலம் காட்டுக் குடிசைச் சாளையில உக்காந்து படிச்சேன். நீ எழுதற 'நீங்க'ளும் 'எழுதுங்க'ளும் எனக்கு வேண்டாம். யாரோ ஆபீசருக்கு எழுதறமாதிரி இருக்குது.

இந்த ஊட்டுல உன் பேரைச் சொன்னா மாமனார் சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. உன் மருமவ வசந்தாமணிக்குப் பன்னண்டு வயசு ஆச்சு. அவளுக்கு மாமன்னு ஒருத்தன் இருக்கறதே தெரியாத மாதிரி வளத்துட்டாங்க. நானும் சும்மா இருந்துட்டேன். இதையெல்லாம் எதுக்கு எழுதறேன்னா, இத்தனை வருசம் கழிச்சு அந்தப் புண்ணைக் கிளறி என்ன ஆகப் போகுதுன்னு நீ ரோசனை பண்ணிப் பாக்கோணும்.

நீ கேட்டதுக்குப் பதில். அவரு ஒண்ணும் சொல்லலை. நினைவு வராமலே போயிட்டாரு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.

உன்னால முடியலேன்னா முடியாதுன்னு அதிகாரிகிட்ட சொல்லு. மானம் போனாப் போகுது. கவுண்டர் ஊட்டுல ஒருத்தர் வண்டியில செத்தது போதும்.

நல்லபடியா இரு. இதுக்குமேல எழுத வேண்டாம்.

சென்னியம்மாள்

❖

பட்டாளத் தபால்
18-10-1948

அக்காளுக்கு.

எழுத வேண்டாம்னு எழுதியிருந்த. இந்த ஒரு தடவை எழுதிக்கறேன்.

உன் கடுதாசி வரதுக்கு முன்னாலயே என்னை ஒருநாள் பாதையில ஏத்திப் பாத்தாங்க. சின்ன லாரி, பின்னால அரிசி மூட்டை. பக்கத்துல வீரபாகு உக்காந்திருந்தான். ஆட்டையாம்பட்டிக்காரன், தறிக்கார ஊட்டுப் பையன். என்னைவிட நாலு வயசு சின்னவன், ஆனா இந்த ரோட்டுல ஏழெட்டு நடை போயிட்டு வந்தவன். பாதை எப்பிடின்னா, சக்கரத்துக்கு வெளியில ஒரு முழம் மிஞ்சும். காலையில சேறு இறுகிக் கல்லாட்டம் கெடக்கும், வெயில் ஏறுனா அதே இடம் கூழு. ஆறு வளைவு ஏறுனேன். ஏழாவது வளைவுல வண்டி லேசாப் பின்னால நழுவுச்சு. ஒரு சாண் இருக்கும். அவ்வளவுதான் அக்கா. என் கால் பிரேக்மேலயே இறுகிப் போச்சு. எடுக்க வரலை. கை ரெண்டும் ஸ்டீரிங்கோட ஒட்டிக்கிச்சு. பின்னால பதினஞ்சு வண்டி நிக்குது, ஆரன் அடிக்கறாங்க. வீரபாகு என் விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டான்.

"எறங்குங்க அண்ணா. அந்தப் பக்கம் வந்து உக்காருங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் ஓட்டிட்டுப் போனான். அதுக்கப்புறம் என் நடையையும் சேத்து அவனே போனான். பட்டியல்ல என் பேரு, சீட்டுல அவன். நாலு நாள் இப்பிடி நடந்துது. நான் கீழ ஒர்க்‌ஷாப்புல உக்காந்து அவன் வண்டி பிரேக்கைத் தினமும் பிரிச்சு மாட்டுவேன். அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது.

அஞ்சாம் நாள் திரும்பி வரப்ப ஓரம் இடிஞ்சு வண்டி உருண்டிருச்சு. பிரேக்குல தப்பில்லை, நானே இறங்கிப் போய்ப் பார்த்தேன். மண்ணு விட்டிருச்சு. நேரமே ஏறி மதியம் இறங்குனா ரோடு கூழாயிருக்கும், ரெண்டு நடையைச் சேத்து ஓட்டுனதால அவனுக்கு நேரம் ஆயிப்போச்சு. உசுரு இருக்குது. வலது காலை முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. நினைவு வந்ததும் என்னைப் பாத்து, "குழித்தறி மிதிக்கக் காலு ரெண்டும் வேணும் அண்ணா"ன்னு மட்டும் சொன்னான். கோவமா சொல்லலை. கணக்குச் சொல்றவனாட்டம் சொன்னான். அதுதான் தாங்கலை.

அன்னிக்கு என் நடைன்னு எங்க அதிகாரி ஜமேதாருக்குத் தெரிஞ்சு போச்சு. ஜமேதார் கூப்பிட்டாரு. "இன்னும் ரெண்டு வாரத்துல மொத்தக் கம்பெனியும் கணவாயைத் தாண்டப் போகுது. ஓட்டறயா, இல்லே முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போறயா?" ரோசனை பண்ண நாள் கேட்டேன். குடுத்திருக்காரு.

நினைவு வராமலே போயிட்டாருன்னு எழுதியிருக்கற. அன்னிக்கு ஆஸ்பத்திரியில எனக்கு அடுத்த கட்டில்ல கெடந்த வெள்ளாளப்பட்டிக் கிழவன் அப்பவே சொன்னான்: "உங்க மச்சான் அந்த ரூம்புல பேசிட்டிருந்தாரப்பா, உங்க அக்கா அழுதுட்டிருந்தா"ன்னு. நான் அவனை நம்பறதா, உன்னை நம்பறதா?

நான்தான் கொன்னேன்னா அதையே சொல்லிரு. தெரிஞ்சுட்டு முடியாதுன்னு எழுதிக் குடுத்தர்றேன். இன்னொருத்தன் உசுரு எதுக்கு என் கையில? இந்தக் கடுதாசியை ஜமேதார் படிச்சுட்டுத்தான் அனுப்புவாரு. படிக்கட்டும்.

வெள்ளியங்கிரி

❖

புதுச்சத்திரம்
29-10-1948

சாமி,

உன் கடுதாசி இன்னிக்கு மதியம் வந்துது. இதைப் பொழுது சாயறதுக்குள்ள நாமக்கல் பெரிய தபாலாபீசுல நானே கொண்டு போய்ப் போடப் போறேன். தந்தி அடிச்சா வெரசாப் போகும்னாங்க. ஆனா தந்தி எழுதிக்கறவரு மாமனாருக்குப் பங்காளி முறை. அவரு முன்னால நின்னு இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அது ஒண்ணே சொல்லும், நான் எப்பிடிப்பட்டவளுன்னு.

முன்ன எழுதினது பொய். அந்தக் கிழவன் சொன்னது நெசம்.

முதல்ல இருந்து சொல்றேன். திருவிழாவுக்கு முந்தின நாள் சேலத்துல மேஸ்திரி பஸ்ஸைப் பாத்துட்டு, பிரேக் கம்பி தேஞ்சு நூலாட்டம் நிக்குது, ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்கன்னு உங்க மச்சான்கிட்டச் சொல்லியிருக்காரு. அவரு ஊட்டுக்கு வந்து சோறு திங்கறப்ப என்கிட்டச் சொன்னாரு. "ரெண்டு நாள் நிறுத்துனா சேர்வராயன் திருவிழாவே முடிஞ்சிரும். ஒரு நடைதானே, மெதுவாப் போயிக்கலாம். உன் தம்பிகிட்டச் சொல்லீராத, பயந்துக்குவான்"னாரு.

மறுநாள் கருக்கல்ல நீ வந்த. நீராகாரம் குடிச்ச. உனக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்தது நான்தான். எம்பட வாய் வரைக்கும் வந்துது தம்பி. அவரு வாசல்ல நின்னு என்னையே பாத்துட்டிருந்தாரு. நான் சொல்லலை. நீ போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போன.

ஆஸ்பத்திரியில அவரு நல்லாப் பேசினாரு. "பிரேக் போயிருச்சு சென்னி. மிதிச்சான், ஒண்ணும் இல்லை. கியரைப் போட்டுப் பாத்தான், நிக்கலை. பள்ளத்துப் பக்கம் போயிருந்தா ஒருத்தர் மிஞ்சியிருக்க மாட்டோம். அவன் ஸ்டீரிங்கை மலைப்பக்கம் ஒடிச்சான்"னாரு. அப்புறம் என் கையைப் புடிச்சுட்டு, "குத்தம் என்னது. தம்பிமேல பழி வராமப் பாத்துக்க"ன்னாரு. அதுதான் அவரு கடைசியாப் பேசினது.

சாகற மனுசன் கேட்டது அது ஒண்ணுதான். நான் அதுக்கு நேர் எதிராப் பண்ணினேன்.

ஏன்னு கேப்ப. கதவைத் தொறந்து மாமனார் வந்தாரு. "எம் மகனுக்கு எமனா வந்தவன் உன் தம்பிதான்"னு தலையில அடிச்சுக்கிட்டாரு. இல்லீங்க மாமா, உங்க மகன் தெரிஞ்சேதான் வண்டியை எடுத்தாருன்னு அப்பச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? பஸ்ஸுல செத்த மேச்சேரிப் பொம்பளை நல்லம்மாளோட சனம் எங்க வாசல்ல வந்து நின்னிருப்பாங்க. எனக்கும் ஏழு வயசுப் புள்ளைக்கும் அந்த ஊட்டுல இடம் இருந்திருக்காது. நீ ஆம்பளை, எங்காவது போய்ப் பொழைச்சுக்குவன்னு நெனைச்சேன். நெனைச்சுட்டு, அத்தனை பேர் பாக்க உன்னை வெரட்டவும் வெரட்டினேன். நல்லா அழுதேன். எல்லாரும் நம்பினாங்க.

நீ கியரை விடலை. நீ ஒருத்தரையும் கொல்லலை. இது உன் கைக்கு எப்ப வந்து சேருமோ. வண்டி எடுக்கறதுக்கு முன்னால வரோணும்னு ஆஞ்சநேயரை வேண்டிட்டுப் போடறேன்.

அக்கா

❖

பட்டாளத் தபால்
4-11-1948

அக்காளுக்கு.

உன்கிட்ட இருந்து பதில் வரலை. நீ எழுதியிருக்க மாட்டேன்னு நெனைச்சுக்கிட்டேன். இது உனக்குத் தேவையான்னும் தெரியலை. இருந்தாலும் சொல்றதுக்கு வேற ஆள் இல்லை.

போன வாரம் ஜமேதார் கூப்பிட்டாரு. என் கடுதாசியைப் படிச்சிருந்தாரு.

"உங்க அக்கா பதில் எழுதுவாளா?"

"தெரியலீங்க."

"எழுதுனா என்னிக்கு வரும்?"

"பத்து நாள், பன்னண்டு நாள் ஆகும்ங்க."

"வண்டி நாலு நாள்ல கிளம்புது."

முடியாதுன்னு எழுதிக் குடுக்கற தாளை மேசைமேல வெச்சாரு. பேனாவையும் வெச்சாரு. நான் எழுதிக் குடுத்தா என் வண்டிக்கு யாருங்கன்னு கேட்டேன். சமையக்காரன் ஒருத்தன் ஊருல டிராக்டர் ஓட்டியிருக்கான், அவனைப் போடுவேன்னாரு. பேனாவைத் தொடாம வந்துட்டேன். தைரியம் வந்துதுன்னு நெனைக்காத. அந்தச் சமையக்காரனோட காலை நெனைச்சேன்.

பாதை ஏறுன அன்னிக்குக் காலையில இருந்தே பனி. பெரிய பெரிய வண்டியெல்லாம் முன்னால போயிருச்சு, அது என்ன வண்டின்னு எழுதக் கூடாது. அதுங்க போன தடம் பள்ளம் பள்ளமா இருந்துது. வழுக்காம இருக்க டயருக்குச் சங்கிலி கட்டியிருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்டுட்டே இருந்துது. எனக்கு அது காதுல விழுந்ததே ஒழிய மனசுல விழலை. என் காதெல்லாம் என் வண்டி எஞ்சின்மேலதான். முதல் வளைவுல இருந்தே வாயில உப்புக் கரிச்சுது, உதட்டைக் கடிச்சிருக்கேன்.

ஏழாவது வளைவு தாண்டினேன். வீரபாகு வண்டி கீழ பள்ளத்துல சக்கரம் மேல பாத்துக் கெடந்துது. பாக்கக் கூடாதுன்னு இருந்தேன், பாத்துட்டேன். அதைத் தாண்டி ரெண்டு வளைவு போறதுக்குள்ள எனக்கு முன்னால போன லாரி நின்னிருச்சு. நின்னது அப்பிடியே பின்னால வருது. டிரைவர் கத்தறான். நான் பிரேக்கை மிதிச்சேன். பிரேக் புடிச்சுது, சக்கரம் நின்னுருச்சு, ஆனா சங்கிலியோட மொத்த வண்டியும் பனிமேல பலகையாட்டம் வழுக்குது. பின்சக்கரம் பள்ளத்து ஓரத்துக்குப் போகுது.

அப்பத்தான் நடந்துது. நான் ஒண்ணும் ரோசனை பண்ணலை அக்கா. கால் பிரேக்கை விட்டுருச்சு. அன்னிக்கு எடுக்க வராத அதே கால், தானா எடுத்துக்கிச்சு. பின்கியர் விழுந்துது. கை வண்டியோட வாலை மலைப்பக்கம் ஒடிச்சுது. பின்பக்கம் போய்ப் பாறையில மோதி, மூட்டையெல்லாம் சரிஞ்சு, நின்னுருச்சு. முன்னால வந்த லாரி என் பம்பர்மேல வந்து சாஞ்சு அதுவும் நின்னுது. அவன் எறங்கி வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதான். பஞ்சாபிக்காரன். அவன் சொன்னது ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலை.

ஸ்டீரிங்குல உக்காந்துட்டே நெனைச்சேன். இந்தக் கை இதை இன்னிக்கு முதல் தடவையாச் செய்யலை. இதுக்குப் பழக்கம் இருக்குது. ஏற்காட்டுலயும் வண்டி மலைப்பக்கந்தான் விழுந்து கெடந்துது, கோர்ட்டுல வரைபடம் காட்டுனாங்களே. அதைப் பாத்தும் எனக்கு இத்தனை நாள் உறைக்கலை. பிரேக் ஏன் புடிக்கலை, நியூட்ரல்ல விட்டேனாங்கறது இப்பவும் தெரியாது. ஆனா கடைசி நொடியில யாரையும் பள்ளத்துல தள்ளலை. அது போதும்னு வெச்சுக்கிட்டேன்.

கணவாய் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டோம். குளிர்ல ரேடியேட்டர் தண்ணியை வடிச்சு வடிச்சு ஊத்தறோம். நான் நல்லா இருக்கறேன். நீ பதில் எழுதாட்டியும் போகுது.

வெள்ளியங்கிரி

❖

ராசிபுரம்
12-11-1948

சாமி,

மேல ஊர்ப் பேரைப் பாத்திருப்ப. நம்ம அப்பன் ஊட்டுல இருந்துதான் எழுதறேன். உன்னைக் கேக்காமப் பூட்டை ஒடைச்சுட்டு உள்ள வந்துட்டேன். உன் ஊடு. வேண்டாம்னா சொல்லு, போயிர்றேன்.

உனக்கு அந்தக் கடுதாசியைப் போட்டுட்டு நாமக்கல்லுல இருந்து திரும்பி வரப்ப எல்லாம் சரியாப் போச்சுன்னு இருந்துது. நாலஞ்சு நாள் அப்பிடி இருந்துது. பேப்பர்ல காஷ்மீர்ல பட்டாளம் பெரிய கணவாயைத் தாண்டிருச்சுன்னு போட்டாங்க. எத்தனை பேர் போனாங்கன்னு போடலை. மாமனார் சோத்துக்கு உக்காந்துட்டே அதைச் சத்தமாப் படிச்சு, "நம்ம பசங்க கெட்டிக்காரங்க"ன்னாரு. நான் அடுப்புல இருந்து எந்திரிச்சு வந்து, "அதுல என் தம்பியும் இருக்கறானுங்க மாமா"ன்னு சொன்னேன்.

தட்டைத் தள்ளப் போனாரு. "தள்ளாதீங்க. கேட்டுட்டுத் தள்ளுங்க"ன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். மேஸ்திரி சொன்னது, ஆஸ்பத்திரியில சொன்னது, ஒண்ணு விடலை. வசந்தாமணி கதவுகிட்ட நின்னு கேட்டா.

அவரு கத்தலை. கத்தியிருந்தாத் தேவலை. கையைக் கழுவாமலே உக்காந்துட்டு, "எம் மகன் செத்து அஞ்சு வருசம் ஆச்சு. இன்னிக்குத்தான் செத்தமாதிரி இருக்குது"ன்னாரு. அப்புறம், "இத்தனை வருசம் எம் முன்னால உக்காந்து சோறு போட்டியே அம்மிணி. நீ போயிரு. புள்ளை எம் மகன் ரத்தம், அது இங்க இருக்கட்டும்"னாரு.

வசந்தாமணி என்கூட வரேன்னு அழுகலை. என்னைப் பாக்கவே இல்லை.

நீ எங்க இருக்கற, இருக்கறயான்னு ஒண்ணும் தெரியலை. தினமும் தபாலாபீசுக்கு நடக்கறேன்.

அக்கா

❖

பட்டாளத் தபால்
15-11-1948

உன் 29-ந்தேதிக் கடுதாசி நேத்து வந்துது. கணவாய் தாண்டிப் பதிமூணு நாள் கழிச்சு.

மூணு தடவை படிச்சேன். சந்தோசம் வரும்னு உக்காந்திருந்தேன். வரலை.

அஞ்சு வருசம் அக்கா. பர்மாவுல சேத்துல கெடக்கறப்ப, ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல கெடக்கறப்ப, மச்சான் மூஞ்சிதான் வரும். கண்ணாலத்துக்குப் பொண்ணு குடுக்கறேன்னு கூடப் பொறந்தவன் மாதிரி ஒருத்தன் கேட்டான், கொலைகாரனுக்கு எதுக்குன்னு வேண்டாம்னேன். நீ வெங்காயம் உரிச்சுக் குடுத்தது எனக்கு ஞாபகம் இருக்குது. அதை நான் பாசம்னு ஞாபகம் வெச்சிருந்தேன்.

வீரபாகு காலுக்கு நான் மட்டுமா காரணம்?

இப்ப எனக்கு எழுத வேண்டாம்.

வெ.

❖

ராசிபுரம்
1-12-1948

தம்பிக்கு.

எழுத வேண்டாம்னாலும் இது எழுதோணும். நீ நல்லா இருக்கறன்னு 4-ந்தேதிக் கடுதாசியும், கோவமா இருக்கறன்னு 15-ந்தேதிக் கடுதாசியும் ஒண்ணா வந்துது. ரெண்டும் புதுச்சத்திரம் போயி, தபால்காரர் மாத்தி அனுப்பியிருக்காரு. கோவக் கடுதாசியைத்தான் முதல்ல பிரிச்சேன். நீ உசுரோட இருக்கறது அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது. திட்டினாலும் உன் கையெழுத்து.

மன்னிக்கச் சொல்லி நான் கேக்கலை. கேக்கறதுக்கு எனக்கு வாய் இல்லை. நான் என்ன பண்ணினேன்னு மட்டும் சொல்றேன்.

போன வாரம் மேச்சேரிக்குப் போனேன். நல்லம்மாளோட புருசனைப் பாத்தேன். சின்னண்ணன்னு பேரு, ஆடு வளக்கறவரு. பட்டியில குட்டிங்களுக்குத் தழை கட்டிட்டு இருந்தாரு. நான் யாருன்னு சொன்னதும் உக்காரச் சொன்னாரு, மோர் குடுத்தாரு. குடிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன். எம் புருசனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஓட்டினவனுக்குத் தெரியாதுன்னு.

அவரு பட்டிப் படலைச் சாத்தினாரு, மறுபடி தொறந்தாரு. என்னை அடிப்பாருன்னு நெனைச்சேன். அடிச்சாலும் வாங்கிக்கறதுன்னுதான் போனேன். அவரு சொன்னாரு:

"உங்க தம்பி பேரு எனக்குத் தெரியாது அம்மிணி. டிரைவர்னு மட்டுந்தான் தெரியும். அஞ்சு வருசமா ஒவ்வொரு அமாவாசையும் அவ படத்துக்கு முன்னால நின்னு, அந்த டிரைவர் நல்லா இருக்கக் கூடாதுன்னு மண்ணை வாரி விட்டிருக்கறேன். இப்ப வந்து அவன் குத்தம் இல்லேங்கற. விட்ட சாபத்தைத் திருப்பி எடுக்கற வழி எனக்குத் தெரியலியே. உனக்குத் தெரியுமா?"

தெரியாதுங்கன்னேன். அவன் உசுரோட இருக்கறானான்னு கேட்டாரு. அப்ப உன் கடுதாசி ஒண்ணும் வந்திருக்கலை. அதுவும் தெரியலைங்கன்னேன். அவரு அப்பிடியே பட்டியில உக்காந்துட்டாரு. எனக்குன்னு ஊத்தின மோரை நான் குடிக்கலை, அவரும் குடிங்கன்னு சொல்லலை.

மேச்சேரியில இருந்து திரும்பி வரப்ப ஆட்டையாம்பட்டியில எறங்கி வீரபாகு ஊட்டையும் கேட்டுப் பாத்தேன். அவங்கம்மா தறியில இருந்தா. பையன் பூனா ஆஸ்பத்திரியில மரக்கால் பழகறானாம். உன் பேரைச் சொன்னேன். "பிரேக் கட்டிக் குடுக்கற அண்ணனா? எழுதியிருந்தான்"னா. வேற ஒண்ணும் அவளுக்குத் தெரியலை. நானும் சொல்லலை. அது நீ சொல்ல வேண்டியது.

வசந்தாமணி இன்னும் அங்கதான். வாரத்துல ஒருநாள் பள்ளிக்கூடத்து வேலிகிட்ட நிக்கறேன். முதல் ரெண்டு வாரம் திரும்பிப் பாக்கலை. போன வாரம் வேலிகிட்ட வந்து, "மாமன் வண்டி ஓட்டறவரா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். மணி அடிச்சுது, போயிட்டா.

சென்னியம்மாள்

❖

பட்டாளத் தபால்
13-12-1948

அக்காளுக்கு.

ராசிபுரத்துல இருந்து வந்த ரெண்டு கடுதாசியும் கிடைச்சுது.

கணவாய் அடைஞ்சு போச்சு. பாதையில ஆள் உயரத்துக்குப் பனி. இனிச் சித்திரைக்கு மேலதான் வண்டி போகும். அடையறதுக்கு முன்னால இன்னும் ஏழு நடை போயிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் பயந்துட்டேதான் போனேன். கால் மட்டும் இறுகலை. கடைசி நடை திரும்பறப்ப ஜமேதார் என் வண்டியில ஏறினாரு. வளைவு வளைவா எண்ணிட்டு வந்தவரு, கீழ வந்ததும் ஒரு மாச லீவு எழுதிக் குடுத்தாரு.

முந்தி எழுதின கடுதாசியில இருக்கற ஒரு வார்த்தையையும் நான் திருப்பி வாங்கிக்கலை. நீ பண்ணினது எனக்கு இன்னும் ஆறலை. எப்ப ஆறும்னு கேக்காத, எனக்கே தெரியாது. அந்த ஊட்டுல நீயே இரு. பூட்டு ஒடைச்சதுக்கு ஒண்ணும் இல்லை, சாவி நான் பர்மாவுலயே தொலைச்சுட்டேன்.

நாளான்னிக்கு ரயில் ஏறறேன். முதல்ல பூனாவுல எறங்கி வீரபாகுவைப் பாக்கோணும். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கோணும். அப்புறம் சேலத்துல எறங்கி நேரா மேச்சேரி. அந்த மனுசன் ஒரு கேள்வி கேட்டாரே, அதுக்கு எனக்கும் பதில் தெரியாது. ஆனா டிரைவர் எப்பிடி இருப்பான்னு அவரு ஒருதடவை பாக்கட்டும். பேரையும் நானே சொல்றேன்.

அதெல்லாம் முடிச்சுட்டுத்தான் உன்கிட்ட வருவேன். வந்து திட்டுவேன். எல்லாத்தையும் சொல்லித் திட்டுவேன், நீ குறுக்க பேசக் கூடாது, அழுகவும் கூடாது.

திட்டி முடிச்சதும் ரெண்டு பேரும் புதுச்சத்திரம் போறோம். என்னைச் சேத்தாம வெரட்டின அந்த வாசல்ல போய் நிக்கறோம். உங்க மாமனார் கதவைச் சாத்தினா வெளியில நிக்கறோம். வசந்தாமணி வரேன்னு சொல்ற வரைக்கும் கூப்பிட வேண்டாம். அவளே வரட்டும்.

வெள்ளியங்கிரி